முதுகுத்தண்டில் மார்ஃபின்: புதிய தாதியர் தவிர்க்க வேண்டியவை

கை கழுவுவது, பெயர் சரிபார்ப்பது பற்றி எழுதப்போவதில்லை. புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வருபவர்கள் அன்று நான் செய்த தவறுகளையே செய்கிறார்கள். அதற்காகத்தான் இது.

"தூங்கட்டும், எழுப்பாதீங்க"

சிங்கப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கணையப் புற்றுநோயால் துடித்த பெரியவருக்கு மாலை 6 மணிக்குத் தண்டுவட நீரில் (தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் திரவம்) மார்ஃபின் என்ற வலுவான வலி மருந்தைப் போட்டார்கள். 8 மணிக்கு வலி இல்லை. "மிஸ்ஸி, அப்பா இத்தனை நாளுக்கு அப்புறம் இப்பதான் கண் மூடுறார், எழுப்பாதீங்க" என்றார் மகள். மனம் இளகி விளக்கை அணைத்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்தது, ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் விரல் கருவியில் 97 சதவீதம். போதும் என்று நினைத்தேன்.

இரவு 2 மணிக்கு மூத்த தாதி தோளை உலுக்கியும் அவர் கண் திறக்கவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 7. மார்ஃபினை முறிக்கும் நலோக்ஸோன் கொடுத்து மீட்டோம். அதன் வேலை ஒரு மணி நேரத்தில் தேய்ந்துவிடும், மார்ஃபினோ இருக்கும். விடியும்வரை நலோக்ஸோனைச் சொட்டு சொட்டாக ஏற்றினோம்.

மார்ஃபின் கொழுப்பில் எளிதில் கரையாது. அதனால் போட்ட இடத்திலிருந்து சீக்கிரம் ரத்தத்துக்குப் போகாமல், தண்டுவட நீரோடு மெல்ல மேலே ஏறி, மூச்சை நடத்தும் மூளைத்தண்டைத் தொடுகிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். கொழுப்பில் கரையும் இன்னொரு வலி மருந்தான ஃபென்டனில் அப்படியல்ல, அதன் ஆபத்து பெரும்பாலும் முதல் ஓரிரு மணியில். ஆகவே மார்ஃபின் போட்டவர் 8 மணிக்கு அமைதியாக இருந்ததற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆக்ஸிஜன் கொடுத்திருந்தால், மூச்சு குறைவதை விரல் கருவி தாமதமாகத்தான் காட்டும். மயக்கம்தான் முந்தி வரும். பேர் சொல்லி எழுப்புங்கள், மூச்சை முழு நிமிடம் எண்ணுங்கள், 24 மணி நேரமும். பணி மாறும்போது யாராவது "நல்லா தூங்குறார்" என்று மட்டும் சொன்னால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மாத்திரைக்குப் பழகிய உடம்பு என்ற தைரியம்

வாய்வழி 300 மில்லிகிராம் மார்ஃபினுக்கு, தண்டுவட நீரில் ஏறக்குறைய 1 மில்லிகிராமே சமம். காலையில் விழுங்கிய நீள்நேர மாத்திரையும் இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

அரிப்பு

மார்ஃபின் போட்டபின் வரும் அரிப்பு பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல.

சிறுநீர்

போகவில்லை என்றால் உள்ளே தேங்கியிருக்கிறதா என்று அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

"கால் மரத்துப்போகுது"

தண்டுவட நீருக்குள் குழாய் வழியே மார்ஃபின் செலுத்தும் பம்ப்போடு வீட்டுக்குப் போனவர் இப்படிச் சொன்னால் அடுத்த சந்திப்புக்குத் தள்ளாதீர்கள். குழாய் நுனியில் திசு வளர்ந்திருக்கலாம், புற்றே தண்டுவடத்தை அழுத்தலாம். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.