ஸ்போர்ட் டூரருக்கு மாறும் முன்: காரைக்குடிப் பக்கம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

300, 400 சிசி பைக்கில் நாலைந்து வருஷம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் கை அரிக்கத் தொடங்கிவிடும். கொடைக்கானல், கொல்லிமலை, தனுஷ்கோடி என்று போய் வந்ததும் ‘இந்த வண்டி பத்தாது’ என்று தோன்றும். நீண்ட பயணத்துக்கு ஏற்ற பெரிய ஸ்போர்ட் பைக்கான ஸ்போர்ட் டூரர் மேல் கண் போகும். நிஜமாகவே பத்தவில்லையா, இல்லை பராமரிப்பு இல்லாமல் அப்படி ஆகிவிட்டதா என்று பிரித்துப் பார்க்காமல் ஷோரூம் படியேறுவதுதான் இருப்பதிலேயே செலவு அதிகமான தவறு.

வழக்கமாகக் காதில் விழும் குறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ‘80ஐத் தாண்டினால் ஹேண்டில் ஆடுது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். முன்சக்கரம் தரையில் படாமல் வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் கொக்கியில் மாட்டினாற்போல் நின்றால் பேரிங் ஓடுபாதையில் பள்ளம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்களில் குதித்துக் குதித்துப் போகும் வண்டிக்கு இது சீக்கிரமே வரும். ‘வளைவில் நம்பிக்கையில்லை’ என்றால் பின்டயரைப் பாருங்கள். திருச்சி–மதுரை நான்கு வழிச்சாலையில் நேராகவே ஓடிய டயர் நடுவில் தட்டையாகியிருக்கும். மலைப்பாதையில் சாய்க்கும்போது வண்டி ஒரு விளிம்பைத் தாண்டி விழுவதுபோல் இருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் தயாரானது. பட்டன் ஆழமாக இருந்தாலும் ஐந்து வருஷ வெயில் பட்ட ரப்பர் இறுகிப்போயிருக்கும், ஈர ரோட்டில் பிடிக்காது.

‘ரெண்டு பேர் உட்கார்ந்தால் பின்னாடி அமுங்குது’ என்பதற்குப் பாதி நேரம் காரணம், ஷோரூமிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடாத ஷாக் பிரீலோடு, அதாவது பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை இறுக்கி வைத்திருக்கும் அளவு. இதை டேப்பால் அளக்கலாம். பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கி, ஆக்சிலிலிருந்து நேர்மேலே சீட்டுக்குக் கீழுள்ள ஒரு புள்ளி வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு பேரும் சாமானோடு உட்கார்ந்து, மூன்றாமவரை விட்டு அதே தூரத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சக்கரத்தின் மொத்த அசைவு தூரத்தில் 30 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். 145 மி.மீ. அசைவு உள்ள வண்டியில் 45 மி.மீ. சரி, 65 வந்தால் பிரீலோடைக் கூட்டுங்கள். கடைசிப் படி வரை கூட்டியும் குறையவில்லை என்றால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், வண்டியை அல்ல.

கோன் செட், ஃபோர்க் ஆயில், பிரேக் ஆயில், பேட், ஒரு ஜோடி டயர், செயின் ஸ்ப்ராக்கெட் எல்லாம் சேர்ந்தாலும், பத்து லட்ச ரூபாய் வண்டிக்குத் தமிழ்நாட்டில் கட்டும் ஆயுள் வரியை எட்டாது. ஒரு லட்சத்துக்கு மேல் விலையுள்ள இருசக்கர வாகனத்துக்கு 2023 நவம்பரிலிருந்து அந்த வரி 12 சதவீதம், அதாவது பத்து லட்சத்துக்கு 1,20,000 ரூபாய். பழைய வண்டியைச் சரிசெய்து ஒரு நீண்ட பயணம் போய்வந்த பிறகும் குறை தெரிந்தால், அந்தக் குறைதான் புதிய வண்டியைத் தேர்ந்தெடுக்க உதவும்.

பிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுவது

பிஎஸ் என்பது எஞ்சினின் குதிரைத்திறன் அளவு. நின்ஜா 300க்கு 39 பிஎஸ், டாமினார் 400க்கு 40, இன்டர்செப்டர் 650க்கு 47. காகிதத்தில் முதல் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நின்ஜாவின் 39 பிஎஸ் 11,000 ஆர்பிஎம்மில்தான் வருகிறது. டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றி இழுக்கும் விசை, 26 நியூட்டன் மீட்டர், அதுவும் 10,000இல். டாமினாரின் டார்க் 35. இன்டர்செப்டரில் 52, கிடைப்பது 5,000 சொச்சத்திலேயே. சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகும்போது முன்னால் ஒரு டவுன் பஸ், எதிரே கொஞ்ச தூரம் காலி. நின்ஜாவில் இரண்டு கியர் இறக்கி அலறவிட வேண்டும். இன்டர்செப்டரில் கியரைத் தொடாமலே தாண்டிவிடலாம். பின்சீட்டில் ஆளோடு போகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் நாள் முழுக்கத் தெரியும்.

மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பின்படி நான்கு வழிச்சாலையில்கூட இருசக்கர வாகனத்துக்கு மணிக்கு 80 கி.மீ.தான். அதனால் டாப் ஸ்பீடு பட்டியலை விட்டுவிட்டு, டாப் கியரில் 80இல் போகும்போது ஆர்பிஎம் எவ்வளவு, ஹேண்டிலிலும் ஃபுட்ரெஸ்ட்டிலும் அதிர்வு எப்படி, அங்கிருந்து முறுக்கினால் தயங்காமல் இழுக்கிறதா என்று பாருங்கள். ஒரு லிட்டர் (1000 சிசி) வண்டியில் 142 பிஎஸ் இருந்தாலும் கோட்டையூர், பள்ளத்தூர் ரோட்டில் அதில் கால்வாசியைக்கூடத் தொட வாய்ப்பில்லை.

எடை: எந்த எடை?

ஜப்பான் கம்பெனிகள் தருவது பெரும்பாலும் பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடை. டுகாட்டி சில வருஷங்களாக பெட்ரோல் இல்லாத எடையைப் போடுகிறது. 22 லிட்டர் டேங்க் நிறைந்தால் 16 கிலோ கூடும். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ‘இது லேசு’ என்று முடிவு கட்டுவது அப்பட்டமான தப்புக் கணக்கு. கிராஷ் கார்டு, பெட்டி மாட்டும் ஃபிரேம், மூன்று பெட்டி சேர்ந்தால் இன்னும் 20 கிலோவுக்கு மேல் ஏறிவிடும்.

நின்ஜா 1000எஸ்எக்ஸ் சுமார் 238 கிலோ, வெர்சிஸ் 650 சுமார் 219, ஹோண்டா என்எக்ஸ்500 சுமார் 196. ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. வீட்டு வாசலில் தெரியும். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து முகப்புக்கு நாலைந்து படி ஏற வேண்டும். சின்ன வண்டியைப் பலகை போட்டு ஓட்டி ஏற்றிவிடுவார்கள். 238 கிலோவைப் பலகையில் ஏற்றும்போது நடுவில் நின்றுபோனால், கால் ஊன்ற இடமில்லாமல் பக்கவாட்டில் சாயும். உள்ளே கொண்டுபோய்விட்டாலும், அவ்வளவு எடையும் ஸ்டாண்டின் சின்னப் பாதத்தில் நிற்பதால் ஆத்தங்குடி டைல்ஸ் தரையில் கீறலும் விரிசலும் விழும். பாதத்துக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டை வைத்தே ஆக வேண்டும். வாங்கும் முன் ஷோரூமிலேயே, எஞ்சினை அணைத்துவிட்டு, லேசான ஏற்றத்தில் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அங்கே மூச்சு வாங்கினால் வீட்டில் இன்னும் வாங்கும்.

சீட் உயரத்திலும் இதே பிசகு. 835 மி.மீ. என்ற எண் மட்டும் போதாது. சீட்டின் முன்பகுதி அகலமாக இருந்தால் கால் விரிந்து தரை இன்னும் தள்ளிப்போகும்.

ஐந்து நிமிட டெஸ்ட் ரைடு

மதுரையிலோ திருச்சியிலோ ஷோரூம்காரர் தரும் ஒரு சுற்று எதையும் காட்டாது. காலை பத்து மணிக்கு ஏசி ஷோரூமிலிருந்து எடுத்த வண்டி சூடேறுவதற்குள் திரும்பிவிடும். முன்கூட்டியே பேசி, சித்திரை வைகாசியில் நண்பகலுக்கு நேரம் வாங்குங்கள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல். ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்த பிறகு சிக்னலில் நிற்கும்போது தொடையிலும் கணுக்காலிலும் என்ன படுகிறது என்பதுதான் பரீட்சை. நான்கு சிலிண்டர் வண்டியில் சூடு அதிகம். ஃபேரிங் (எஞ்சினைச் சுற்றி மூடும் பிளாஸ்டிக் உறை) காற்றைக் காலுக்கு விடுகிறதா, வெளியே தள்ளுகிறதா என்பது மாடலுக்கு மாடல் மாறும். செக்காலை ரோட்டில் சாயங்காலம் ஊர்ந்து போகப்போகிறவர் இதைப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது.

அந்த அரை மணியில் ஹேண்டிலை முழுக்க ஒடித்து ஒரு யூ டர்ன், மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், இரண்டு பேரோடு ஒரு அவசர பிரேக். போதும்.

இரண்டாவது ஆளாக உங்கள் நண்பரைக் கூட்டிப் போவதும் தவறுதான். பயணத்தில் பின்னால் உட்காரப்போவது வீட்டு ஆச்சி என்றால் அவர்களைத்தான் அழைத்துப் போக வேண்டும். சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தால் எடை இடப்பக்கம் சாயும். இடப்பக்கப் பெட்டி கால் வைக்கவே இடம் தராது. மோட்டார் வாகன விதி 123 பின்சீட்டுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் தடுப்பு மூன்றையும் கேட்கிறது. அழகு கெடுகிறதென்று அந்தத் தடுப்பை முதல் வாரமே கழற்றிவிடுகிறவர்கள் அதிகம். முந்தானை செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. பக்கப் பெட்டி வேண்டாமென்று எல்லாவற்றையும் மேல்பெட்டியில் திணிப்பதும் ஆபத்து. அது பின் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆட ஆரம்பிக்கும். மேல்பெட்டிக்கு எத்தனை கிலோ என்று மேனுவலிலேயே போட்டிருக்கும். நினைப்பதைவிட அது குறைவாக இருக்கும்.

முள்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை தாண்டி ராமநாதபுரம் நோக்கிப் போனால் ரோட்டின் இரு பக்கமும் சீமைக்கருவேலம். அந்த முள் டயரில் ஏறி உள்ளேயே ஒடிந்து நிற்கும். டியூப்லெஸ்ஸில் காற்று மெதுவாக இறங்கும், ஊர் வந்து சேரலாம். டியூப் உள்ள ஸ்போக் சக்கரத்தில் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இன்டர்செப்டர், ஹிமாலயன் 450 போன்றவற்றில் இரண்டு வகையும் விற்கிறார்கள், வாங்கும்போதே கேட்டுத் தேர்ந்தெடுங்கள். ஓட்டை அடைக்கும் கிட், 12 வோல்ட் காற்றுப் பம்பு இரண்டும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். முள்ளைப் பிடுங்கும் முன் அது எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, கிட்டில் உள்ள துருவியை (ஓட்டையைத் தேய்த்துச் சீராக்கும் கருவி) அதே கோணத்தில் விட வேண்டும். பக்கச் சுவரில் ஏறிய ஓட்டையை அடைக்காதீர்கள். டயர்தான் மாற்ற வேண்டும்.

அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காய்வதையும் கணக்கில் எடுங்கள். பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்தாலும் நெல்மணி மேல் சாய்ந்து திரும்பினால் முன்சக்கரம் வழுக்கும். அதை எந்த எலக்ட்ரானிக்ஸும் தடுக்காது.

பணக் கணக்கு

பழைய ஒப்பீட்டுக் கட்டுரைகளில் உள்ள விலையை நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அதற்கு மேல் 40 சதவீதம், முன்பு செஸ் எனும் கூடுதல் வரியோடு 31. அதனால் அப்பாச்சி ஆர்ஆர் 310க்கும் 650 வண்டிகளுக்கும் இருந்த இடைவெளி விரிந்துவிட்டது.

இன்சூரன்ஸில் ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத பாலிசி) எடுக்காமல் விடுவது ஃபேரிங் உள்ள வண்டிக்குப் பெரிய இழப்பு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலை உங்கள் கையிலிருந்துதான். நின்ற இடத்தில் சாய்ந்தாலே ஒரு பக்க ஃபேரிங், இன்டிகேட்டர், லீவர் என்று பில் நீளும்.

சர்வீஸ் எந்த ஊரில் என்பதை விலைக்கு முன் விசாரியுங்கள். மதுரையோ திருச்சியோ ஏறக்குறைய 90 கி.மீ. முதல் சர்வீஸ் 1,000 கி.மீ.யிலேயே வந்துவிடும், வால்வ் இடைவெளி எத்தனை ஆயிரம் கி.மீ.க்கு ஒருமுறை பார்க்க வேண்டும், அதற்கு எத்தனை மணி நேரக் கூலி என்று எழுதி வாங்குங்கள். நான்கு சிலிண்டரில் 16 வால்வ், இரண்டில் எட்டு. மாதம் ஒருமுறையாவது 300 கி.மீ.க்கு மேல் போகாதவர் லிட்டர் வண்டியைத் தொடவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. 500 முதல் 700 சிசிக்குள் இரட்டைச் சிலிண்டர் வண்டி இந்தப் பக்கத்து ரோட்டுக்கு ஏராளம்.

பெங்களூரிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பெரிய பைக் எடுப்பவர்கள் என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று), இங்கே வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்குவது விற்பவரின் வேலை, உங்களுடையதல்ல.

உங்கள் பழைய வண்டியை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். பெயர் மாறிய ஆர்சி நகலை வாங்கும்வரை அந்த வண்டியின் பொறுப்பு உங்கள் தலையில். கிளெய்ம் செய்யாமல் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்குச் சொந்தமல்ல, உங்களுக்குச் சொந்தம். ஐந்து வருஷம் சேர்த்திருந்தால் 50 சதவீதம். விற்றவுடன் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேளுங்கள். மூன்று வருஷம் வரை செல்லும், புதிய பைக்கின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் அப்படியே கழியும். ஷோரூமில் அவர்களாகவே போட்டுத் தரும் பாலிசியில் இது பெரும்பாலும் இருக்காது, பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.