பாம்பனில் காற்று அடங்கக் காத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகப்பட்டினத்திலிருந்து மோட்டார் படகில் கரையோரமாகவே தூத்துக்குடிக்குச் செல்பவர், கோடியக்கரையைச் சுற்றிப் பாக் விரிகுடாவுக்குள் நுழைந்து, பாம்பன் கால்வாய் வழியாக மன்னார் வளைகுடாவில் இறங்க வேண்டும். இந்த இரு கடல்களும் ஒரே நாளில் ஒரே குணத்தோடு இருப்பது அரிது. மார்கழி வாடையில் பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் நின்று பார்த்தால், வடகடலான பாக் விரிகுடா வெண்ணுரை கக்கிக்கொண்டிருக்க, தென்கடலான மன்னார் வளைகுடா குளம்போலக் கிடக்கும். ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அவ்வூர் மீனவர்கள் பருவத்துக்கேற்பப் படகுகளைத் தீவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக்கொள்வது இதனால்தான். வெளியூர்ப் படகுக்காரரோ தாம் நங்கூரமிட்டிருக்கும் கரையின் தண்ணீரைப் பார்த்தே முடிவெடுத்துவிடுகிறார். அவர் பார்க்க வேண்டியது கால்வாய்க்கு அப்பால் உள்ள கடலை.

துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படவில்லை என்பதைக் கடல் அமைதியாக இருப்பதற்கான சான்றாகக் கொள்வதும் தவறு. கூண்டு முதன்மையாகக் காற்றழுத்தத் தாழ்வுக்கும் புயலுக்கும் உரியது. சிறு படகைத் திணறடிக்கும் வாடையோ கச்சானோ கூண்டு ஏறாத நாளிலும் வீசும்.

முன்னறிவிப்பைப் படிப்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையில் காற்றின் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றிருக்கும். கைப்பேசிச் செயலிகள் பலவும் அதை நாட் (knot, மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் காட்டும். செயலியில் 25 என்று கண்டதும் மிதமான காற்றுதான் என்று நினைப்பவர், அது மணிக்கு 46 கிலோமீட்டர் என்பதையும், மீனவர்களைக் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று தடுக்கும் அளவே அது என்பதையும் கவனிப்பதில்லை. அலை உயரத்திலும் இதே குழப்பம் உண்டு. முன்னறிவிப்பு கூறும் 1.5 மீட்டர் என்பது மிக உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி மட்டுமே; ஆகவே இடையில் ஏறத்தாழ 3 மீட்டர் அலை ஒன்று எழுந்தால் வியப்பதற்கில்லை. போதாக்குறைக்கு, பாக் விரிகுடா ஆழம் குறைந்தது என்பதால் அங்கே அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஆழ்கடலில் படகு ஏறி இறங்கிக் கடந்துவிடும் அதே உயர அலை இங்கே முகப்பில் வந்து மோதும்.

பெரிய கலங்களுக்காக ரயில் தூக்குப்பாலம் உயர்த்தப்படும் நாளில், மற்றவர்கள் போகிறார்களே என்று தாமும் வரிசையில் சேர்ந்துகொள்வோர் உண்டு. இழுவைக் கப்பல் தாங்கும் கடலை இருபதடிப் படகு தாங்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இத்தகைய அவசரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: இந்தத் தேதியில் வந்துவிடுவேன் என்று கரையில் யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பது. அத்தகைய வாக்கைக் கொடுக்காமலிருப்பதே நல்லது என்பேன்.

காற்று அடங்கிய பிறகும் கவனம் தேவை. விடியலில் கிளம்பாமல் பத்து மணிக்கு மேல் புறப்படுவோர் நடுக்கடலில் கடற்காற்றை எதிர்கொள்வார்கள். நாட்கணக்கில் நின்ற படகின் எரிபொருள் டேங்கின் அடியில் கசடும் நீரும் தங்கியிருக்கும். துறைக்குள் அது தொல்லை தராது, ஆனால் முதல் அரைமணி நேரக் குலுக்கலிலேயே கலங்கி ஃபில்டரை அடைத்துவிடும். புறப்படுமுன் ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அடியில் தனிக் குமிழாக நீர் உருண்டால் அன்று டேங்கைச் சுத்தம் செய்வதே முதல் வேலை.

கச்சான் காலத்தில் வடகடலில் இன்ஜின் நின்றால் படகு வடகிழக்காக, அதாவது 1974 ஒப்பந்தம் வகுத்த இலங்கை எல்லைக்கோட்டை நோக்கி ஒதுங்கும். அப்போது இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டே நேரத்தை இழப்பது பெருந்தவறு; முதலில் நங்கூரத்தைப் போட வேண்டும். பத்து மீட்டர் ஆழத்துக்கு முப்பது மீட்டர் கயிறு போதும் என்ற கணக்கு அலையில் எடுபடாது. ஐம்பது முதல் எழுபது மீட்டர் வரை விட்டால்தான் நங்கூரம் தரையைக் கவ்வி நிற்கும். படகு நின்றதும் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலோ வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் அலைவரிசையிலோ அழைத்து இருப்பிடத்தைத் தெரிவித்துவிட்டு, அதன் பிறகு இன்ஜின் மூடியைத் திறக்கலாம்.