வரிக் கழிவு என்று போடுமுன்

தீபாவளி நெருங்கினால் சிங்கப்பூரில் சேவைச் சங்கங்களின் நன்கொடைப் போஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். லயன்ஸ், ரோட்டரி, முன்னாள் மாணவர் சங்கம் எதுவானாலும், புதிதாக விளம்பரக் குழுவுக்கு வருபவர்கள் நாங்கள் விழுந்த குழியிலேயே விழுகிறார்கள். எழுத்துப்பிழை, மங்கலான சின்னம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லித் தருவார்கள்.

“நன்கொடைக்கு 250% வரிக் கழிவு உண்டு”

இந்த வாசகத்தைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். பெரும்பாலும் போன வருடத்துப் போஸ்டரில் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். போன வருடம் பணம் போனது ஐபிசி, அதாவது ‘பொது நல அமைப்பு’ என்ற தகுதியுள்ள ஓர் அறநிறுவனத்துக்கு. இந்த வருடம் சங்கமே அரிசி வாங்கிக் கொடுக்கிறது. அந்த வாசகம் மட்டும் அப்படியே நிற்கும்.

சங்கங்களின் பதிவாளரிடம் பதிந்த சங்கம் வேறு, அறநிறுவனமாகப் பதிந்தது வேறு, ஐபிசி தகுதி பெற்றது வேறு. இந்த மூன்றில் கடைசி வகைக்குக் கொடுத்தால்தான் கழிவு. அந்தத் தகுதிக்கும் காலாவதித் தேதி உண்டு; அறநிறுவன இணையவாசலில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். கொடுத்தவரின் அடையாள அட்டை எண்ணை வாங்கி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு விவரம் அனுப்புவது ஐபிசிதான். கழிவு அவருடைய வரிக் கணக்கில் தானாக ஏறும். சங்கத்தின் ரசீதை நீட்டிக் கேட்க வழியில்லை.

எனக்குத் தெரிந்த சங்கம் ஒன்றில், தேக்கா கடைக்காரர் ஒருவர் ஏப்ரலில் வரிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பொருளாளரை அழைத்தார். “தம்பி, காசு பெரிசில்ல. இல்லாததப் போட்டீங்கன்னா, நாளைக்கு நாலு கடையில உங்களுக்காக எப்படிக் கேப்பேன்?” உண்மையிலேயே அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். அவர் ஒருவரால் வந்துகொண்டிருந்த கடைகள் எல்லாம் போயின. திருத்திய போஸ்டரை அனுப்பியும் பயனில்லை. பழையதுதான் குழுவுக்குக் குழு சுற்றிக்கொண்டிருந்தது.

இன்னும் சிலர் “250 வெள்ளி திரும்பக் கிடைக்கும்” என்றே போடுகிறார்கள். 100 வெள்ளி கொடுத்தால் வரிக்குரிய வருமானத்தில் 250 வெள்ளி குறையும், அவ்வளவுதான். கையில் எதுவும் வந்து விழாது.

கழிவைச் சொல்லித்தான் கேட்க வேண்டுமென்றால், ஐபிசி அறநிறுவனம் ஒன்றோடு முதலில் பேசி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிறகு கிவிங்.எஸ்ஜி என்ற நன்கொடைத் தளத்தில் அதன் பக்கத்துக்கே நேராகக் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் உங்கள் கையைத் தொடவே வேண்டாம்.

செயலாளரின் சொந்தப் பேநவ் எண்

நன்கொடையைப் பேநவ் பணமாற்றுச் சேவையில் அனுப்ப அந்த எண்ணைப் போடவே வேண்டாம். சங்கத்தின் பதிவு எண்ணான யுஇஎன் எதற்கு இருக்கிறது?

ஊரில் வெள்ளம்

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ வெள்ளம் என்றதும் கை பரபரக்கும். ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கப் போடுவதும் பொதுமக்களிடம் கேட்பதுதான். அனுமதி கைக்கு வந்த பிறகு பதிவு போடுங்கள்.

முகங்கள்

வாடகை வீட்டு வாசலில் பாட்டி ஒருவர் பையை வாங்குகிறார். பின்னால் வீட்டு எண் பளிச்சென்று தெரிகிறது. பையை ஆளுக்கொரு பக்கம் இரண்டு பொறுப்பாளர்கள் பிடித்திருப்பார்கள், ஏதோ அரிசி அவ்வளவு கனம் என்பதுபோல. தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களின் படமும் இப்படித்தான் போகிறது. அந்த ஊழியரின் மனைவியும் ஊரில் அதே ஃபேஸ்புக்கைத்தான் பார்க்கிறார். கேட்டுவிட்டு எடுங்கள். வரிசையில் நிற்பவரிடம் கேட்டால் மறுக்க மாட்டார் என்பதால், பை கைக்குப் போன பிறகு கேளுங்கள். இல்லாவிட்டால் புளோக்கின் கீழ்த்தளத்தில் தொண்டூழியர்கள் பொட்டலம் கட்டுவதை எடுங்கள். அதிலும் நல்ல படம் கிடைக்கும்.

முரசுக்கும் ஒலிக்கும்

நிகழ்ச்சி முடிந்து ஒரு வாரம் கழித்து நாற்பது படங்களைத் தமிழ் முரசு நாளிதழுக்கோ ஒலி 96.8 வானொலிக்கோ அனுப்பிவிட்டு “போடவில்லையே” என்று குறைபடுவதில் அர்த்தமில்லை. முன்கூட்டியே எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, எத்தனை குடும்பங்களுக்கு, யாரை அழைத்துக் கேட்கலாம். சிறப்பு விருந்தினர் பட்டியல் கடைசியில்.