ஸ்பீச் தெரபி, ஓடியோலொஜி மேற்படிப்பு: அமெரிக்கா வந்த யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்குக் காசு வரும் வழிகள்

ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேச்சு, செவிப்புலன் விஞ்ஞானம் முடித்துவிட்டு வருகிறவர்கள், ஊரில் வேறு பட்டம் எடுத்து இங்கே துறை மாறுகிறவர்கள், எல்லோரும் முதலில் கேட்பது "ஏதும் ஸ்கொலர்ஷிப் இருக்கா?" என்றுதான். இருக்கிறது. ஆனால் எந்தக் காசு உங்களுக்கு வரும் என்பதை மதிப்பெண்ணுக்கு முதலே உங்கள் விசா தீர்மானித்துவிடும்.

கிரீன் கார்ட் உள்ளவர்களும், அகதியாக ஏற்கப்பட்டவர்களும், அடைக்கலம் உறுதியானவர்களும் மத்திய அரசின் கல்வி உதவிக்கான ஃபாஃப்சா படிவம் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை, காசு கேட்கிற ஏஜென்ட் யாரும் வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அடைக்கல வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் மத்திய அரசின் கடன் கிடைக்காது. கிடைப்பவர்களுக்கும் 2026 ஜூலை 1 முதல், மேற்படிப்பு மாணவருக்கென்று இருந்த கிராட் பிளஸ் கடன் புதிதாகக் கிடையாது, சாதாரண மேற்படிப்புக்கு வருடம் 20,500 டொலர்தான் உச்சம். இன்னொன்று, அரச பல்கலைக்கழகங்களில் அந்த மாநிலத்தவருக்குக் கட்டணம் நன்றாகக் குறையும், அதற்குப் பெரும்பாலும் ஒரு வருடம் அங்கே வசித்துக் காட்ட வேண்டும். பாடசாலையில் உதவியாளர் வேலை ஒன்றைப் பிடித்து அந்த வருடத்தைக் கடத்திவிட்டு விண்ணப்பிப்பது வீண் காலம் இல்லை, அனுபவமும் கணக்கில் வரும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அரச கடன் இல்லை. உங்களுக்குப் பெரிய காசு துறைக்குள்ளேதான் இருக்கிறது: அசிஸ்டன்ட்ஷிப். பேராசிரியரின் ஆய்வுக்கோ வகுப்புக்கோ வாரம் 10 அல்லது 20 மணி நேரம் வேலை செய்தால் மாதாந்தக் கொடுப்பனவும் கட்டணத்தில் கழிவும் தருவார்கள், சில இடங்களில் முழுக் கட்டணமும் போய்விடும். ஒவ்வொரு துறையிலும் இத்தனை இடம் என்று கிடையாது, கேட்டவருக்குத்தான் தெரியும். அனுமதிக் கடிதம் வரும்வரை காத்திராமல் விண்ணப்பிக்கும்போதே துறைத் தலைவருக்கு எழுதுங்கள். நம்முடைய பிள்ளைகள் இதில்தான் கூச்சப்படுகிறார்கள்.

அமெரிக்காவின் பேச்சு, செவிப்புலன் துறையினரின் சங்கமான ஆஷாவின் அறக்கட்டளை மேற்படிப்பு மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் தருகிறது, வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே ஒன்று உண்டு. விண்ணப்பியுங்கள், ஆனால் அதை நம்பி வீட்டு வாடகை பேசாதீர்கள், போட்டி அதிகம்.

சரி, கடன். இங்குள்ள பல வங்கிகள் அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்று கேட்கும். ரொறொன்ரோ மாமா எவ்வளவு வசதியாக இருந்தாலும் அவருடைய கையெழுத்து அங்கே பெரும்பாலும் செல்லாது. அவர் தருவதென்றால் காசாகவே தரட்டும். மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை எடுக்க முதல் வருடத்துச் செலவைக் காட்டினால் போதும் என்பதால், ஊரில் காணியை ஈடு வைத்து அந்தத் தொகையை மட்டும் புரட்டிக்கொண்டு வருகிறார்கள், இரண்டாம் வருடம் முழி பிதுங்குகிறது. முழுப் படிப்புக்கும் கணக்குப் போட்ட பிறகுதான் உறுதியில் கை வையுங்கள்.

ஸ்பீச் தெரபி முதுகலை பெரும்பாலும் 2 வருடம், ஓடியோலொஜியில் ஏயுடி பட்டம் பொதுவாக 4 வருடம், ஆகவே கட்டணமும் அதற்கேற்ப நீளும். ஸ்பீச் தெரபிச் சான்றிதழுக்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சி தேவை, அதற்கு வழமையாகச் சம்பளம் கிடையாது, தூரத்துப் பாடசாலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போட்டால் கார் செலவும் சேரும். வேறு பட்டத்தில் இருந்து வருகிறவர்களுக்கு அதற்கு முன் அடிப்படைப் பாடங்கள் சில இருக்கும், அந்த மாதங்களுக்கு உதவிப்பணம் கிடைப்பது கஷ்டம்.

துறைக்கு எழுதும்போது மூன்றைக் கேளுங்கள்: வெளிநாட்டு மாணவருக்கு அசிஸ்டன்ட்ஷிப் உண்டா, அது இரண்டாம் வருடமும் தொடருமா, வெளிப் பயிற்சிக்குப் போகும் தவணையில் நிற்குமா. ஏயுடி என்றால் நான்காம் வருடப் பயிற்சிக்குச் சம்பளம் தருகிற இடங்களுக்கு மாணவர்களை அனுப்புகிறார்களா, அந்த வருடத்துக்கும் கட்டணம் அறவிடுகிறார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வையுங்கள்.