உணவுக்குழாய்க் கட்டியா? அவசரப்பட்டுத் துண்டு எடுக்காதீர்கள்

சோறு இறங்காமல் நெஞ்சில் அடைத்தால் குளச்சல், முட்டம் பக்கம் முதல் சந்தேகம் மீன் முள் மேல்தான். ஏத்தன்பழத்தை மெல்லாமல் விழுங்கிப் பார்ப்பார்கள், பிறகு கேஸ் மாத்திரை. மாதங்கள் ஓடிவிடும். அடைப்பு தொடர்ந்தால் எண்டோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும். சாதாரணக் கட்டியா புற்றுநோயா என்பது அறிகுறியை வைத்துச் சொல்லக்கூடியதல்ல.

‘கட்டி’ என்றதுமே ரிப்போர்ட்டைக்கூட வாங்காமல் திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படங்களும் ரிப்போர்ட்டும் கையில் இல்லாவிட்டால் அங்கே எல்லாம் முதலிலிருந்துதான்.

ஆனால் பெரிய தவறு வேறு: “ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க” என்று டாக்டரை நெருக்குவது. உணவுக்குழாயின் சாதாரணக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது லியோமயோமா. அது உணவுக்குழாய்ச் சுவரின் தசையில் வளர்வது. மேலே உட்சவ்வு வழவழப்பாக, முழுசாக இருக்கும். துண்டு கிள்ளும் பயாப்சி இடுக்கிக்குப் பெரும்பாலும் அந்தச் சவ்வுதான் சிக்கும். ரிசல்ட் ‘நார்மல்’ என்று வரும். கிள்ளிய இடமோ தழும்பாகிக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் எண்டோஸ்கோப்பி வழியாகக் கட்டியை அகற்றும்போது அதன் வினை தெரியும். கட்டிக்குச் சில சென்டிமீட்டர் மேலே சவ்வில் சிறு கீறல் போட்டு, அடியில் சுரங்கம்போல் வழி பிரித்துப் போய், கட்டியைத் தோண்டி அதே வழியாக வெளியே எடுத்து, கீறலைக் கிளிப் போட்டு மூடுவார்கள். கட்டிக்கு மேலுள்ள சவ்வு கிழியாமல் இருந்தால்தான் எச்சிலும் உணவும் நெஞ்சுக்குள் கசியாது. ஒட்டிப்போன இடம் லேசில் கிழிந்துவிடும். ஆகவே எண்டோஸ்கோப்பி வழியாகவே செய்யும் அல்ட்ராசவுண்டில் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சவ்வில் புண் தெரிந்தாலோ, மஞ்சளாகத் தெரியும் இன்னொரு வகையான கிரானுலார் செல் கட்டி என்று சந்தேகம் வந்தாலோ கதை வேறு, அங்கே பயாப்சி வேண்டியதுதான்.

இன்னொன்று மிக அபூர்வம். நீளக் காம்போடு தொங்கும் சதை வளர்ச்சியான பாலிப். மேலே நார்மல் சவ்வே போர்த்தியிருப்பதால் எண்டோஸ்கோப்பியில்கூடத் தப்பிவிடலாம். வாந்தியில் வாய்வரை ஏதோ வந்து திரும்பப் போனதென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மூச்சுக்குழலை அடைத்து உயிரையே எடுக்கக்கூடியது. காம்பில் பெரிய ரத்தக்குழாய் ஓடலாம் என்பதால் பார்த்ததும் வெட்டிவிடவும் முடியாது.

தொந்தரவில்லாத சிறிய லியோமயோமாவைக் கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். அகற்றுவதென்றால், ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; இதய டாக்டரையும் கேட்க வேண்டும். அகற்றிய பின் டாக்டர் சொல்கிறவரை கஞ்சிதான், மரச்சீனியும் மீனும் காத்திருக்கட்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தொட்டால் நொறுநொறுக்கும் கழுத்து வீக்கம் இவற்றில் எது வந்தாலும் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எடுத்த கட்டியின் பரிசோதனை முடிவையும் மறக்காமல் வாங்குங்கள். லியோமயோமாதான் என்பது அதில்தான் உறுதியாகும்.