எடுகோள் வேறு, அனுமானம் வேறு

ஒன்றை நிரூபிக்காமலேயே உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே பேசுகிறோமே, அதற்குப் பெயர் எடுகோள். நிறையப் பேர் இந்த இடத்தில் அனுமானம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல என்பேன்.

அனுமானம் என்பது சான்றைப் பார்த்துப் போய்ச் சேரும் முடிவு. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது என்பது தருக்க நூல்களின் பழைய எடுத்துக்காட்டு. தமிழில் கருதலளவை என்பதும் இதையே. எடுகோளோ தொடங்கும் இடம்.

இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண், அதாவது இரு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாத எண், என்று நிறுவும் கணக்கைப் பாருங்கள். முதல் வரியே 'அது விகிதமுறு எண் எனக் கொள்வோம்' என்றுதான் வரும். பின்னக் கோட்டுக்கு மேலும் கீழும் பொதுக் காரணி இல்லாத இரு எண்களை வைத்துப் போனால், கடைசியில் இரண்டுமே இரட்டை எண் என்று வந்து முரண்படும். எடுகோள் விழுந்தது, நிரூபணம் முடிந்தது. பொய் என்று தெரிந்தே எடுகோள் வைக்கலாம். அனுமானத்தில் அது நடக்காது.

சோதித்துப் பார்ப்பதற்காகவே முன்வைப்பது கருதுகோள். ஆதாரம் போதாமல் சொல்வது ஊகம்.

எழுதும்போது சந்தேகம் வந்தால், 'என்று வைத்துக்கொண்டால்' என்று போட்டுப் படியுங்கள். பொருந்தினால் எடுகோள். 'இதிலிருந்து தெரிவது' என்பது பொருந்தினால் அனுமானம். அப்புறம், வினையாக எழுத 'எனக் கொள்க', 'என்று வைத்துக்கொள்வோம்' இரண்டும் போதும். 'அனுமானித்துக்கொள்வோம்' வேண்டவே வேண்டாம்.