வெள்ளம் வடிந்த பிறகு தெருவே சேர்ந்து முறை வைத்து வேலை பார்ப்பது எப்படி

வெள்ளம் வடிந்த முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆட்களுக்குப் பஞ்சமே இருக்காது, எங்கிருந்தெல்லாமோ வந்து சேறு அள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பத்தாவது நாள் பார்த்தால் தெருவில் மிச்சம் இருப்பது தெருக்காரர்கள் மட்டும்தான். ஈரம் காயாத சுவர், திறக்காத கதவு, நிரப்ப வேண்டிய விண்ணப்பம் என்று மாதக்கணக்கில் இழுக்கும் வேலை அப்போதுதான் தொடங்கும். அதை எப்படிச் சேர்ந்து செய்வது என்றுதான் சொல்லப்போகிறேன்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. ஜப்பானில் ‘யுய்’ என்பார்கள்: இன்று நீ என் வயலில் நாற்று நட்டால் நாளை நான் உன் வயலில் நடுவேன். ஷிரகவா கிராமத்தில் ஒரு வீட்டின் பெரிய புல்கூரையை மாற்ற ஊரே மேலே ஏறும், அடுத்த முறை இன்னொரு வீடு. இந்தோனேசியாவில் கோதோங் ரோயோங், பிலிப்பைன்ஸில் பாயனிஹான், ஆண்டிஸ் மலைநாடுகளில் மிங்கா. இங்கெல்லாம் உதவி என்பது தானம் கிடையாது, முறை. இன்று வாங்குபவர் நாளை கொடுப்பார் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் வாங்கும்போது யாருக்கும் தலை குனியாது.

முதலில் பத்துப் பதினைந்து வீடுகளைச் சேருங்கள், அதற்கு மேல் போனால் யார் வந்தார், யார் வரவில்லை என்பதே தெரியாமல் போய்விடும். இந்தோனேசியாவில் 2006 யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்குப் பிறகு வீடு கட்டும் அரசு நிதி ஏறக்குறைய இந்த அளவுள்ள அக்கம்பக்கக் குழுக்கள் வழியாகத்தான் போனது.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: என்ன வேலை பாக்கி, யார் வந்தார்கள், எத்தனை அரைநாள். பணமாக மாற்றிக் கணக்குப் போடாதீர்கள், அரைநாளுக்கு அரைநாள்தான். மண்வெட்டி பிடிக்க முடியாத பாட்டி நாலு வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அதுவும் அரைநாள், விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவருக்கும் அரைநாள். இதில் மட்டும் கறாராக இருங்கள். எதுவும் கொடுக்க வழியில்லாமல் வாங்கிக்கொண்டே இருப்பவர் சீக்கிரம் கூச்சப்பட்டு ஒதுங்கிவிடுவார், “எனக்கு ஒன்றும் வேண்டாம், அடுத்த வீட்டைப் பாருங்கள்” என்று சொல்பவர் பெரும்பாலும் அவர்தான்.

யார் வீடு முதலில்? எல்லோரும் இருக்கும்போது காரணத்தோடு முடிவு செய்யுங்கள். தனியாக இருக்கும் முதியவர், கைக்குழந்தை, நோயாளி உள்ள வீடுகள் முதலில். நோட்டு வைத்திருப்பவர் வீடு கடைசியில் வந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

சேறு அள்ளும் நாளில், தெரிந்தவரை வைத்து மின்சாரத்தைத் துண்டிக்காமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. எதையும் தொடுவதற்கு முன் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள், நிவாரணத்துக்கும் காப்பீட்டுக்கும் கேட்பார்கள். முழங்கால் பூட்ஸ், கையுறை கட்டாயம். சேறு காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும், ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள். எட்டுப் பேர் எதிரெதிரே மாறி மாறி நின்றுகொண்டு நிறைந்த வாளியை ஒரு பக்கமாகக் கைமாற்றி, காலி வாளியை மறுபக்கமாகத் திருப்பி அனுப்புங்கள். முதலில் இடுப்பு விடுவது வெட்டிப் போடுபவருக்குத்தான், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அவரை மாற்றுங்கள். பிளீச்சிங்கை ஆசிட்டோடோ அம்மோனியா உள்ள திரவத்தோடோ கலக்கவே கூடாது, விஷவாயு வரும்.

சாமான்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: கழுவுவது, தூக்கி எறிவது, வீட்டுக்காரரைக் கேட்க வேண்டியது. வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட வெளியே எறியாதீர்கள். நமக்குக் குப்பையாகத் தெரியும் நனைந்த ஆல்பம் அவருக்கு என்ன என்று நமக்குத் தெரியாது. ஒட்டிக்கொண்ட போட்டோக்களை இழுத்துப் பிரிக்காமல் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, படம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்புங்கள். இரண்டு நாளுக்குள் முடியாது என்றால் பாலிதீன் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டால் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். 1966 நவம்பரில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரம் மூழ்கியபோது எங்கிருந்தோ வந்த இளைஞர்கள் தேசிய நூலகத்தின் அடித்தளத்திலிருந்து சேறு படிந்த புத்தகங்களை நம் வாளிகளைப் போலவே கைக்குக் கை மாற்றி மேலே ஏற்றினார்கள். ‘சேற்றுத் தேவதைகள்’ என்றே அவர்களுக்குப் பெயர் வந்தது.

யாராவது முறை தவறுவார். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், ஒருவர் மட்டும் வீட்டுக்குப் போய், என்ன கஷ்டம் என்று விசாரியுங்கள். அதற்கும் வரவில்லையா, சரி, அவர் வீட்டை வரிசையில் கீழே தள்ளுங்கள், ஆனால் நோட்டிலிருந்தே அடித்துவிடாதீர்கள். அந்த வீட்டிலும் குழந்தைகள் ஈரத் தரையில்தான் படுத்திருப்பார்கள்.

கடைசி வீட்டு வேலை முடிந்ததும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். யாரிடம் பம்பு இருக்கிறது, யாருக்கு மின்வேலை தெரியும், எந்த வீட்டில் படுக்கையில் இருப்பவர் இருக்கிறார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதி, மாடி வீட்டில் யாராவது ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.